வீட்டு வெள்ளிப் பட்டறைக்கு ‘முழு செட்’: பிரித்துப் பார்த்தால் தேறுவது எது?

‘ஜுவல்லரி மேக்கிங் கிட்’ என்று ஆன்லைனில் தேடினால் ஒரே கறுப்பு ஜிப் பை பத்துப் பெயரில், பத்து விலையில் வந்து நிற்கும். உள்ளே நாலைந்து குறடு, ஒரு ரம்பச் சட்டம், ஒரு கட்டு பிளேடு, பத்து ஊசி அரம், மோதிர அளவுக்கோல், குட்டிச் சுத்தியல், இரண்டு சாமணம், மேஜையில் திருகி மாட்டும் ஒரு மரத்துண்டு. கொஞ்சம் விலை கூடிய பையில் ஒரு பியூட்டேன் டார்ச்சும் சேரும். வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி வெள்ளி நகை செய்யத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் இதைத்தான் வாங்குகிறார்கள். மணி கோர்ப்பது, பட்டுநூல் வளையல் சுற்றுவது ஆகியவற்றுக்கு இந்தப் பை தாராளமாகப் போதும். தகட்டை அறுத்து, வளைத்து, பொடி (இணைப்பை ஒட்டவைக்கும் உலோகப் பற்றாசு) வைத்துச் சுடரால் ஊதி, மெருகேற்றும் வேலைக்கு மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு ஒன்றரை. அந்த ஒன்றரை எதற்கு, மூன்றரை எங்கே போயிற்று என்று பார்ப்போம்.

குறட்டிலிருந்து தொடங்கலாம். பையில் வருவதில் முக்கால்வாசிக் குறடுகளின் தாடையில் பல் வெட்டியிருக்கும். எலெக்ட்ரீஷியனுக்கு அது சரி. வெள்ளிக் கம்பியை அதால் ஒரு பிடி பிடித்தால் வரிசையாகத் தழும்பு விழும். அரத்தால் எடுத்து, எமரித் தாளால் தேய்த்து, தழும்பு மறையும்போது கம்பியும் இளைத்துப் போயிருக்கும். நகைக்குத் தாடை வழவழப்பாக இருக்க வேண்டும். கடையில் வாங்கும்போது குறட்டை மூடி டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நுனி ஒட்டிக்கொண்டு, பின்னால் மயிரிழை வெளிச்சம் தெரிந்தால் நல்ல குறடு. பின்பக்கம் ஒட்டி நுனி பிளந்திருந்தால் கீழே வைத்துவிடுங்கள். அதால் ஒரு வளையத்தைக்கூட ஒழுங்காக மூட முடியாது. பிறகு இரண்டு கைப்பிடிகளையும் எதிரெதிராகப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், மூட்டு ஆடக்கூடாது. தட்டை மூக்கு, உருண்டை மூக்கு, கூர் மூக்கு, ஒரு கட்டர் இருந்தால் தொடங்கலாம். ஐந்தாவதாக ஒன்று, பையில் பெரும்பாலும் இருக்காது: ஒரு தாடை தட்டை, இன்னொன்று அரைவட்டம். மோதிரத் தகட்டை வளைக்கும்போது அரைவட்டம் உள்பக்கம், தட்டை வெளிப்பக்கம் வருமாறு பிடித்தால் வெளியே வடு விழாது. உருண்டை மூக்கால் தகட்டை வளைக்கிறவர்கள் வெளிப்பக்கம் மேடும் பள்ளமுமாக வந்ததென்று தகட்டைக் குறை சொல்வார்கள். தகடு என்ன செய்யும்?

ரம்பச் சட்டத்தில்தான் பையின் பெரிய ஏமாற்று. பார்க்க எல்லாம் ஒரே ‘ப’ வடிவம்தான். ஆனால் முதுகுக் கம்பி மெல்லியதாக இருந்தால் பிளேடை இழுத்துப் பிடிக்காது. சோதிக்க ஒரு வழி உண்டு. பல் வெளியே பார்த்து, கைப்பிடிப் பக்கம் சாய்ந்திருக்குமாறு பிளேடின் மேல்முனையை மாட்டித் திருகுங்கள். சட்டத்தின் மேல்நுனியை மேஜை விளிம்பில் வைத்து, கைப்பிடியை நெஞ்சால் அழுத்தினால் சட்டம் சற்றுக் குறுகும். அந்த நிலையில் கீழ்முனையைத் திருகிவிட்டு அழுத்தத்தை விடுங்கள். இப்போது பிளேடை நகத்தால் மீட்டினால் வீணைத் தந்திபோல ‘ணிங்’ என்று உயர்ந்த ஒலி வர வேண்டும். ‘தொப்’பென்று கேட்டால் சட்டம் தளர்வு, அல்லது பிடி வழுக்குகிறது. தளர்ந்த பிளேடு கோட்டில் ஓடாது, இரண்டு நிமிடத்தில் முறியும். சட்டத்தின் ஆழம் 75 மி.மீ. இருந்தால் மோதிரம், தோடு, பதக்கம் வரை போதும்.

பிளேடுக்குத் தனியாகக் காசு கொடுங்கள். பையில் வருகிற கட்டை வைத்து மரக்குச்சி அறுக்கலாம். 0.8 முதல் 1 மி.மீ. தகட்டுக்கு 2/0 எண், அதற்கும் மெல்லிய தகட்டுக்கும் நுண்ணிய வேலைக்கும் 4/0. எந்த நேரமும் தகட்டின் கனத்துக்குள் குறைந்தது இரண்டு பல்லாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தகட்டின் விளிம்பு இரண்டு பல்லுக்கு நடுவே சிக்கி பிளேடு முறியும். டஜன் கட்டாகவும், 12 டஜன் சேர்ந்த 144-ஆகவும் விற்பார்கள். சுவிஸ், ஜெர்மன் பிளேடுகள் இரண்டு மூன்று மடங்கு விலை. அந்தக் காசு வீண் போகாது. புதியவர் ஒரு நாளில் ஒரு டஜனை முறிப்பது சகஜம். காரணங்கள் மூன்றே மூன்று: முன்னுக்குத் தள்ளி அழுத்துவது, திருப்பத்தில் மேலும் கீழும் ஓட்டாமல் சட்டத்தை மட்டும் திருப்புவது, தகட்டை இடது கையால் உறுதியாகப் பிடிக்காதது. இழுக்கும்போதுதான் அறுக்கும், மேலே போகும்போது சும்மா போகட்டும். பிளேடின் பின்பக்கம் தேன்மெழுகை லேசாகத் தடவினால் போதும். பல்லில் அப்பினால் வெள்ளித் தூளோடு சேர்ந்து அடைத்துக்கொள்ளும்.

ஊசி அரங்கள் பையில் பத்து இருக்கும். வேலைக்கு ஆவது மூன்று: அரைவட்டம், சதுரம், உருண்டை. அவற்றுக்கும் பல் கொரகொரப்பாகத்தான் இருக்கும். தனியாக வாங்குவதானால் ஆறு அங்குல அரைவட்ட அரம் ஒன்று, ‘கட் 2’ என்று கேட்டு வாங்குங்கள். பட்டறையில் மிக அதிக நேரம் கையில் இருக்கப்போவது அதுதான், ஆகவே கஞ்சத்தனம் வேண்டாம். வல்லோர்ப் போன்ற சுவிஸ் அரம் ஒன்று, மலிவு அரம் ஐந்துக்குச் சமம். புது அரத்தில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டால் வெள்ளி அடைக்காது. முன்னே தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள். பின்னுக்கு அழுத்தி இழுத்தால் பல் மழுங்கும்.

மோதிரக் கோல் பையில் அலுமினியமாக இருக்கும். அது அளவு பார்க்க மட்டும். அதன்மேல் வைத்துத் தட்டினால் கோலில் பள்ளம் விழும், பள்ளம் மோதிரத்தின் உள்பக்கம் அச்சாகும். தட்டுவதற்கு எஃகுக் கோல் தனி. சுத்தியலும் அப்படித்தான்: அதன் முகத்தில் உள்ள ஒவ்வொரு கீறலும் வெள்ளியில் அப்படியே இறங்கும். பையில் வருவதை 400, 800, 1200 எமரியில் தேய்த்து, பாலிஷ் போட்டு கண்ணாடி மாதிரி ஆக்கினால் தாராளமாக உழைக்கும். அந்த ஒன்றரை மதிப்பெண்ணில் அரை இந்தச் சுத்தியலுக்கு. வளைக்க, நேராக்க ஒரு நைலான் அல்லது தோல் சுத்தியும் வேண்டும். எஃகுச் சுத்தியால் தட்டினால் தகடு வளைவதோடு விரியவும் செய்யும், மோதிர அளவு மாறிப்போகும். மீதி ஒரு மதிப்பெண் சாமணத்துக்கும், நடுவில் ‘வி’ வெட்டு வெட்டிய அந்த மரத்துண்டுக்கும். மரத்துண்டை யாராலும் கெடுக்க முடியாது.

அளவு பற்றி ஓர் எச்சரிக்கை, ஏனென்றால் பாதிப் பேர் முதல் தகட்டிலேயே ஏமாறுவது இதில்தான். தகட்டின் கனத்தைக் குறிக்கும் எண்தான் கேஜ். யூடியூப் பாடங்களில் ‘20 கேஜ்’ என்றால் அமெரிக்கக் கணக்கு, 0.81 மி.மீ. நம் ஊரில் கேஜ் என்றால் எஸ்.டபிள்யூ.ஜி. என்ற பிரிட்டிஷ் கணக்கு; அதில் 20 கேஜ் 0.91 மி.மீ. 18-இல் வித்தியாசம் இன்னும் கூடும்: அங்கே 1.02, இங்கே 1.22. வெள்ளி விற்கிற விலையில் ஐந்தில் ஒரு பங்கு கனம் கூடுவது சின்ன விஷயமா? கடையில் கேஜ் சொல்லாதீர்கள், மில்லிமீட்டரில் சொல்லுங்கள். 0.01 கிராம் காட்டும் தராசும் எஃகு வெர்னியரும் வாங்கிவிடுங்கள். பையிலிருக்கும் பிளாஸ்டிக் வெர்னியரைக் குழந்தைக்குக் கொடுத்துவிடலாம். மோதிரத்துக்கு வெட்ட வேண்டிய நீளம்: உள்விட்டத்தோடு தகட்டின் கனத்தைக் கூட்டி 3.14-ஆல் பெருக்குவது. உள்விட்டம் 17 மி.மீ., தகடு 1.5 மி.மீ. என்றால் 18.5 × 3.14, ஏறத்தாழ 58 மி.மீ. கனத்தைக் கூட்டாமல் வெட்டினால் மோதிரம் சுண்டுவிரலுக்குப் போகும்.

இனி நெருப்பு. பையோடு வரும் பியூட்டேன் டார்ச் சமையற்காரர்கள் புட்டிங்கின் மேல் சர்க்கரையை உருக்கும் டார்ச்சின் உறவினர். சிறிய மோதிரம், தோட்டின் கம்பி, ஜம்ப் ரிங் (இணைப்பு வளையம்) இவற்றுக்குப் பழுதில்லை. அகலமான காப்பையோ கனத்த பதக்கத்தையோ வைத்தால் பத்து நிமிடம் ஊதினாலும் பொடி இளகாது. சுடர் போதிய சூடு இல்லாததல்ல காரணம். வெள்ளிதான் உலோகங்களிலேயே வெப்பத்தை வேகமாகக் கடத்துவது. இங்கே கொடுத்ததை அங்கே இறைத்துவிடும். டார்ச் தரும் மொத்த வெப்பம் அதை ஈடுகட்ட வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் பியூட்டேன் அழுத்தமே குறைந்து சுடர் சோம்பும்.

நீடித்த வழி, நம் ஊர்ப் பட்டறைகள் பல காலமாகப் பின்பற்றுவதுதான்: எல்.பி.ஜி. டார்ச், காற்றுக்குக் காலால் மிதிக்கும் துருத்தி. துருத்தி மிதி நம் காலில் இருப்பதால் சுடரை ஊசியாகவும் பூப்போலவும் நொடியில் மாற்றலாம். இந்த வசதி விலை உயர்ந்த டார்ச்சில்கூடக் கிடைக்காது. வீட்டுச் சமையல் சிலிண்டரை இதற்கு இழுக்காதீர்கள். வீட்டு இணைப்பு சமையலுக்கு மட்டும் என்பது சட்டம். முகவரிச் சான்று இல்லாமல் கிடைக்கும் 5 கிலோ சிலிண்டர் போதும், பல மாதம் வரும். ரெகுலேட்டர் விஷயத்தில் கவனம்: துருத்தியோடு எரியும் டார்ச் குறைந்த அழுத்தத்தில் ஓடும்; தானே காற்றை இழுத்து எரியும் வகைக்கு உயர் அழுத்த ரெகுலேட்டர் தேவை. மாற்றி மாட்டினால் ஒன்று சுடர் பிடிக்காது, மற்றது சீறும். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே சிலிண்டர் வைக்கும் இடத்தில் தரை மட்டத்தில் காற்று வெளியேற வழி இருக்க வேண்டும். உயரத்து ஜன்னல் மட்டும் போதாது.

சுடும் தட்டுக்கு மரக்கரிக் கட்டை, அல்லது எடை குறைந்த வெப்பம் தாங்கும் செங்கல். சில கடைகளில் இன்னமும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தட்டு எடுத்துக் கொடுப்பார்கள். மலிவு, நன்றாகவும் வேலை செய்யும், ஆனால் உதிரும் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராது. வாங்காதீர்கள்.

பொடி என்று பட்டறையில் சொல்வது பற்றாசு. ஹார்ட், மீடியம், ஈஸி என்று மூன்று வகை, இந்த வரிசையில் வெள்ளி குறைந்து துத்தநாகம் கூடிக்கொண்டே போகும். பரவலான சேர்மானம் ஹார்டில் 75 சதவீத வெள்ளி, மீடியத்தில் 70, ஈஸியில் 65. ஒரே நகையில் நான்கு இணைப்பு இருந்தால் ஹார்டில் தொடங்கி இறங்க வேண்டும், இல்லாவிட்டால் நான்காவதை ஊதும்போது முதலாவது கழன்று விழும். 925 வெள்ளி (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு) 802 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கிவிடும். ஹார்ட் பொடி ஓடும் வெப்பத்துக்கும் அதற்கும் இடைவெளி கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்குள் கையை எடுக்கப் பழகுவதுதான் வேலை. வாங்கும்போது காட்மியம் இல்லாததா என்று கேட்டே வாங்குங்கள். ‘கே.டி.எம்.’ என்று ஒரு காலத்தில் பெருமையாக விளம்பரம் செய்தார்களே, அந்தக் காட்மியம்தான். 767 டிகிரியில் ஆவியாகும், அந்தப் புகை நேராக நுரையீரலைத் தாக்கும். பழைய இருப்பைச் சல்லிசாகத் தள்ளும் இடங்களில் குறிப்பாக விசாரியுங்கள்.

பொடி உருண்டையாகி நின்றுவிட்டதா? இணைப்பில் எண்ணெயோ கறுப்போ இருக்கிறது, அல்லது பொடி மட்டும் சூடாகி நகை சூடாகவில்லை. சுடரைப் பொடியின் மேல் காட்டுவது புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு. நகை முழுவதையும் சுற்றிச் சுற்றிச் சூடாக்கி, கடைசியில்தான் இணைப்புக்கு வர வேண்டும். பொடி சூடு அதிகமுள்ள பக்கம் ஓடும். ஒரே பக்கம் ஏறிக்கொண்டால் அந்தப் பக்கம் சுடர் அதிகம் விழுந்தது என்று பொருள். இணைப்பை வெளிச்சத்தில் பிடித்தால் கோடு தெரியக்கூடாது. இடைவெளியைப் பொடி நிரப்பும் என்று நம்பி ஊதினால், ஒரு வாரம் அணிந்ததும் அங்கேதான் விட்டுப்போகும். ஓடி முடிந்த பிறகும் சுடரைக் காட்டிக்கொண்டிருந்தால் துத்தநாகம் ஆவியாகி ஊசித்துளைகள் வரும், பாலிஷில்தான் கண்ணுக்குத் தெரியும்.

பொடி தடையில்லாமல் ஓடுவதற்காக இணைப்பில் தடவும் வெங்காரம் (போராக்ஸ்) நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும், அதற்கென்று வெளிநாட்டுப் புட்டி வேண்டாம். பச்சை வெங்காரம் சூட்டில் பொரிந்து பொங்கும், அந்தப் பொங்கலில் வைத்த பொடித்துண்டு நகர்ந்துபோகும். முதலில் வாணலியில் பொரித்து நுணுக்கி, தண்ணீரில் குழைத்துத் தடவினால் பொங்கல் வெகுவாகக் குறையும். சுடரை முதலில் தூரத்தில் ஆட்டித் தண்ணீரை மெதுவாக வற்றவிடுவதும் பாதி மருந்து. 925-இல் உள்ள செம்பு காற்றோடு சேர்ந்து வெள்ளிக்கு அடியில் சாம்பல் படலம் கட்டும். பாலிஷ் போட்டபின் மேகம் மாதிரி தெரிவது அதுதான். ஊதுவதற்கு முன் போரிக் பவுடரை ஸ்பிரிட்டில் கலக்கி நகையை முக்கி, புட்டியை மூடித் தூர வைத்துவிட்டு, நகையைப் பற்றவைத்தால் பச்சைச் சுடரோடு எரிந்து வெள்ளைப் பூச்சு நிற்கும். அந்தப் பூச்சு படலத்தைத் தடுக்கும். புட்டியை மூடாமல் பற்றவைக்கிற அவசரம் வேண்டாம்.

ஊதியபின் கறுப்பை நீக்கி வெளுப்பதற்கு கந்தக அமிலம் தேடி அலைய வேண்டாம். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் அமிலம், ஒரு லிட்டர் வெந்நீருக்கு 100 கிராம். சூடாக இருந்தால் சில நிமிடங்களில் வேலை முடியும், ஆறிப்போனால் மணிக்கணக்கு. படிகாரத்தைக் கரைத்துக் கொதிக்கவைக்கும் பழைய முறையும் குறைவில்லாமல் வேலை செய்யும். இரும்புச் சாமணத்தை மட்டும் உள்ளே விடாதீர்கள். இரும்பு பட்டதும் கரைசலில் கரைந்திருக்கும் செம்பெல்லாம் வெள்ளியின் மேல் ஒட்டி, நகை இளஞ்சிவப்பாக வெளியே வரும். மூங்கில், செம்பு, பிளாஸ்டிக் எதுவானாலும் சரி. துண்டுகளைச் சேர்த்துக் கட்ட இரும்புக் கட்டுக்கம்பி போட்டிருந்தால் கழற்றிவிட்டு முக்குங்கள். அந்தப் பாத்திரம் மறுபடி சமையலறைக்குப் போகக்கூடாது. நீலமாக மாறிய தண்ணீரில் செம்பு இருக்கிறது, துளசிச் செடிக்கு ஊற்றிவிடாதீர்கள்.

மோட்டார். இங்கேதான் புதியவர்களின் பட்ஜெட் வழுக்குகிறது. கையில் பிடித்து வேலை செய்யும் சிறு சுழல் கருவியான டிரெமல் 3000 எல்லாக் கடையிலும் கிடைக்கும், மரவேலைக்குத் தங்கமான கருவி. ஆனால் அதன் குறைந்தபட்ச வேகமே நிமிடத்துக்கு 10,000 சுற்று. 1 மி.மீ. துளைபோட அது அதிகம். டிரில் சூடேறி மழுங்கி உள்ளேயே முறியும். கல் பதிக்கும் பர் (சுழலும் வெட்டுமுனை), தொட்டவுடன் துள்ளி ஓடும். நகை வேலைக்கான பிட்டுகளின் தண்டு 2.35 மி.மீ., டிரெமலோடு வருவது 3.2 மி.மீ.க்கான கோலெட் (தண்டைக் கவ்வும் பிடி), சிறிய கோலெட் தனியாக வாங்க வேண்டும். டிரெமல்தான் வேண்டும் என்றால் 4000 மாடலின் வேகம் 5,000 சுற்று வரை இறங்கும், பரவாயில்லை.

பட்டறைக்காரர்கள் வைத்திருப்பது மேலே தொங்கும் ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட் (வளையும் கேபிள் வழியாகக் கைப்பிடியைச் சுழற்றும் மோட்டார்), காலில் பெடல். வேகம் காலில் இருப்பதால் இரண்டு கையும் வேலையில் இருக்கும். அமெரிக்காவின் ஃபோர்டம் எஸ்.ஆர். இதில் அளவுகோல்: 1/6 குதிரைத்திறன், உச்சம் 18,000 சுற்று, எண் 30 கைப்பிடியில் 4 மி.மீ. வரை எந்தத் தண்டும் பிடிக்கும். உறவினரிடம் சொல்லி அமெரிக்காவிலிருந்து வரவழைப்பவர்கள் கவனிக்க: அங்கே விற்பது 115 வோல்ட். நம் பிளக்கில் சொருகினால் முதல் நிமிடத்திலேயே புகை. 230 வோல்ட் மாடல் தனியாக உண்டு. நம் ஊர்த் தயாரிப்புகள் அதன் விலையில் ஒரு சிறு பங்குக்கே கிடைக்கின்றன. மோட்டாரைவிடப் பெடலில்தான் அவை சறுக்கும். கடையிலேயே மாட்டிப் பெடலை மெல்ல அழுத்துங்கள். மெதுவாகக் கிளம்பி சீராக ஏறினால் வாங்கலாம். ஒன்றுமில்லாமல் இருந்து திடீரென முழு வேகத்துக்குத் தாவினால் கல் பதிப்புக்கு உதவாது. தொங்கவிடும் உயரம் கேபிள் பெரிய வளைவாக வருமாறு இருக்கட்டும். இறுக்கமாக வளைந்தால் உறை சூடாகும், உள்கம்பி அறும்.

தகட்டை இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டு மெலிதாக்கும் ரோலிங் மிஷின் வாங்கலாமா என்பது அடுத்த கேள்வி. அமெரிக்கப் பட்டியல்கள் எல்லாவற்றிலும் அது இருக்கும், டர்ஸ்டன் மிஷின் படத்தோடு. அங்கே தேவை, ஏனென்றால் அங்கே தெருவில் யாரும் தகடு இழுத்துத் தர மாட்டார்கள். இங்கே சென்னை சவுகார்பேட்டையிலோ, சேலம் செவ்வாய்ப்பேட்டையிலோ, மதுரை தெற்காவணி மூல வீதியிலோ, கோவையிலோ கேட்ட கனத்துக்குத் தகடும் கம்பியும் கூலிக்கு இழுத்துத் தரும் ஆட்கள் இருக்கிறார்கள். வார்ப்பு, முலாம், லேசர் பற்றவைப்பு எல்லாம் அதே தெருக்களில் கூலிக்கு நடக்கும். முலாம் பூசும் கரைசல்களில் சயனைடு சேரும் வகைகள் உண்டு. அதை வீட்டுக்குள் கொண்டுவருவது பைத்தியக்காரத்தனம். ஆகவே வீட்டுப் பட்டறையில் மிஷினுக்குப் போகும் காசை நிறுத்தி, பிளேடு, அரம், டார்ச் மூன்றுக்கும் திருப்புங்கள். உலோகத்தைத் தொடுவது அவைதான்.

கூலிக்குக் கொடுக்கும்போது எடையைக் குறித்துக்கொண்டு, சேதாரம் எவ்வளவு என்று முன்பே பேசிவிடுங்கள். சுத்த வெள்ளியைக் கொடுத்து 925 ஆக்கச் சொன்னால் 100 கிராமுக்குச் சேர வேண்டிய செம்பு 8.1 கிராம். திரும்பி வரும் எடை அந்தக் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். பிறகு மிஷின் வாங்குகிற நாள் வந்தால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: கனம் பாதியாகக் குறைந்ததும் நிறுத்தி வெள்ளியைச் சுட்டு (உருக்காமல்) மென்மையாக்க வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பு வெடிக்கும். அதற்கான சூடு 600 முதல் 650 டிகிரி. அறை விளக்கை அணைத்தால் மங்கலான செம்மை தெரியும். தகட்டில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டால் அது மறையும் நேரம் ஏறக்குறைய அந்தச் சூடு. அமிலத்தில் முக்கி எடுத்த தகட்டைத் துடைக்காமல் உருளையில் விட்டால் மறுநாள் காலை உருளையில் துரு.

மெருகுக்கு எமரித் தாள் 400, 600, 800, 1200 என்று படிப்படியாக, ஒவ்வொரு படியிலும் முந்தைய கீறலுக்குக் குறுக்காக. ஒரு படியைத் தாண்டினால் அந்தக் கீறல் கடைசிப் பாலிஷில் திரும்ப வந்து சிரிக்கும். பஃப் மோட்டாரில் (துணிச் சக்கரம் சுழலும் பாலிஷ் மோட்டார்) சங்கிலியைக் காட்டவே காட்டாதீர்கள். சுற்றிக்கொண்டால் விரலையும் சேர்த்து இழுக்கும். துணிக் கையுறையும் அதே காரணத்தால் வேண்டாம். சங்கிலி, கொலுசு போன்றவற்றுக்கு டம்ளர்தான் (நகையை உருட்டி மெருகேற்றும் சுழல் பீப்பாய்): ஒரு கிலோ துருப்பிடிக்காத எஃகு மணிகள், மூழ்கும் அளவுக்குத் தண்ணீர், பூந்திக்கொட்டைச் சாறு கொஞ்சம், இரண்டு மூன்று மணி நேரம். சாதா இரும்பு மணி விலை குறைவு என்று வாங்கினால் ஒரே வாரத்தில் துருக்கஞ்சி. காந்த டம்ளர் என்று விற்பது வேறு சாதனம்; அதன் ஊசிகள் நுண்ணிய வேலைப்பாட்டின் இடுக்கெல்லாம் புகும், ஆனால் வழவழப்பான தட்டைப் பரப்பைப் பனி படிந்தாற்போல மங்கலாக்கிவிடும்.

அறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேஜை ஆடக்கூடாது, மரத்துண்டு உட்கார்ந்த நிலையில் மார்பு உயரத்தில் இருக்க வேண்டும். சாப்பாட்டு மேஜை உயரத்தில் வைத்தால் ஒரு மாதத்தில் கழுத்து வலி சொல்லும். தரையில் சம்மணமிட்டுத் தாழ்ந்த மேஜையில் செய்கிற நம் பட்டறைப் பழக்கமும் இதே கணக்குதான். ஊதும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு எக்ஸாஸ்ட்டைப் போடுங்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் எஃகுக் கருவிகளை எண்ணெய்த் துணியால் துடைத்து மூடி வைக்காவிட்டால் மழைக்காலம் முடியும்போது பிளேடுக் கட்டே பழுப்பாகியிருக்கும்.

விற்கும் எண்ணம் இருந்தால் பொடியைக் கணக்குப் பார்த்து வையுங்கள். 10 கிராம் 925 நகையில் அரை கிராம் ஈஸி பொடி சேர்ந்தால் மொத்தத்தில் வெள்ளி 912-க்கு இறங்கிவிடும். வெள்ளிக்கும் 2025 செப்டம்பர் 1 முதல் எச்.யு.ஐ.டி. என்ற தனி அடையாள எண்ணோடு கூடிய ஹால்மார்க் வந்திருக்கிறது. தங்கத்தைப்போலக் கட்டாயம் என்று தொடங்காமல் விருப்பத்தின் பேரில் தொடங்கியது. சோதனைக்குக் கொடுத்தால் அந்த 912 அப்படியே வெளிச்சத்துக்கு வரும். ஹார்ட் பொடியை நறுக்கிச் சிறு துண்டுகளாக வைக்கப் பழகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேஜைக்கு அடியில் மடியில் விழும்படி ஒரு தோல் துண்டையோ ரெக்சினையோ ஆணியடித்துவிடுங்கள். அரத்தூள் அதில் சேரும். எமரித் தூளும் பஃப் குப்பையும் வேறு டப்பா, பித்தளையும் செம்பும் வேறு, ஈயம் பட்டது எதுவுமே இந்த மேஜைக்கு வரக்கூடாது. ஈயத்தோடு வெள்ளி சிவக்கச் சூடேறினால் தொட்ட இடம் ஓட்டையாகிவிடும். சுத்தமான அரத்தூள் டப்பா நிறைந்ததும், உருக்கக் கொடுப்பதற்கு முன் ஒரு காந்தத்தைத் தாளில் சுற்றித் தூளுக்குள் நன்றாகத் துழாவி எடுங்கள். முறிந்த பிளேடுத் துண்டுகள் எல்லாம் தாளோடு வந்துவிடும்.